முதல் கருத்து என்னுடையது

அக்காவிடம் எதைச் சொல்வதென்றாலும் இப்போது ஒரு கொப்பியில் எழுதித்தான் காட்ட வேண்டும். போன வருடம் வந்த காய்ச்சலோடு அவளுக்குக் காது அறவே போய்விட்டது. வெற்றுத்தாள் நிறையக் கிடக்கிறதே என்று அவளாகவே அந்த நீலமட்டைக் கொப்பியைத் தேடி எடுத்தாள். 'மீன்காரன் வந்திருக்கிறான்', 'மாத்திரை போட்டாயா' என்று அதில் ஆளாளுக்கு எழுதுகிறோம். முன்பக்கங்களை மட்டும் நான் புரட்டுவதில்லை. அவை அக்காவின் நாவலுக்கு வாசகர்கள் எழுதிய கருத்துகள். முதல் கருத்து என்னுடையது.

அம்மா எங்களுக்கு ஆளுக்கொரு வீடாக ஒரே வளவுக்குள் கட்டிச் சீதனம் தந்தார். நடுவே ஓலை வேலி, வேலியில் ஆள் நுழைந்து போகிற அளவுக்கு ஒரு கடப்பு. இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்மல் கேட்கும். தபால் கந்தோரில் முத்திரை குத்தியே காலம் கழித்த அக்கா, பென்சன் எடுத்த கையோடு ஒரு நாவல் எழுதினாள். மூன்று சகோதரிகள் வான் பிடித்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. மூத்தவர்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே, அம்மாவின் தையல் மெசின் யாருக்கு என்று சண்டை பிடிக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் கரையில் நிற்கும் புருசன்மார் கடுகளவுதான் தெரிகிறார்கள். அப்போதும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை, சண்டையும் முடியவில்லை.

கையெழுத்துப் பிரதியை முதலில் எனக்குத்தான் தந்தாள். ஒரு மத்தியானம் குசினிக்குள் குந்தியிருந்து வாசித்தேன். ஐயோ, என்ன சிரிப்பு! கறி அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் வயிறு நோகச் சிரித்தேன். கடைசி அத்தியாயத்தில்தான் இளையவள் யாரென்று விளங்கியது. சேலை நனையும் என்று கடலில் கால் வைக்காமல், எல்லோருடைய செருப்புகளுக்கும் காவலிருந்தபடி, வருகிறவன் போகிறவனின் தமிழைத் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு ரீச்சர். சிரிப்பு அப்படியே நின்றது. பின்னேரம் அக்கா கடப்பால் வந்து, "எப்பிடிப் புள்ள?" என்று கேட்டாள். முகத்தை நீட்டிக்கொண்டு, "பாப்பம்" என்றேன்.

வெளியீட்டு விழா நூலக மண்டபத்தில் நடந்தது. வாசலில் இந்தக் கொப்பியை வைத்து, பேனாவை அக்கா என் கையிலேயே தந்தாள். "நீதான் புள்ள தொடங்கி வைக்கணும்." நானும் தொடங்கி வைத்தேன். இரண்டு பக்கம்! 'போரிலும் சுனாமியிலும் இத்தனை கண்ணீர் கண்ட கரையில் நின்று சிரிக்க நூலாசிரியருக்கு எப்படி மனம் வந்தது? ஓரிடத்திலும் என்னால் சிரிக்க முடியவில்லை' என்று, ஒரு பிழை இல்லாமல், அழகான எழுத்தில். கரையைப் பற்றிய அக்கறை எனக்கு மண்ணாங்கட்டி! தமிழ் படிப்பித்தவள் நான் இருக்க, முத்திரை குத்தினவள் புத்தகம் போட்டுவிட்டாளே என்ற எரிச்சல்தான்.

வந்தவர்கள் எல்லோரும் முதல் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் எழுதினார்கள். கூடப்பிறந்தவளே, அதுவும் தமிழ் ரீச்சரே இப்படி எழுதினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? 'ஆசிரியையின் கருத்தே எனதும்' என்றார் ஓர் ஓய்வுபெற்ற அதிபர். 'அடுத்த நூலில் கனதி தேவை' என்றார் இன்னொருவர். ஒரேயொரு பெட்டை மட்டும் புத்தகத்தை அங்கேயே புரட்டிப் பார்த்துவிட்டு, 'எங்கட அக்காமாரும் இப்படித்தான், சிரிச்சுச் செத்தன்' என்று எழுதி, பிறகு வெட்கப்பட்டாளோ என்னவோ, மேலே ஒரு கோடு கீறிவிட்டிருந்தாள்.

அந்த நாட்களில் அக்கா இரண்டாவது கதையைத் தொடங்கியிருந்தாள். அதே மூன்று பேர், இந்த முறை மண்டூர்த் திருவிழாவுக்கு. விழா முடிந்த கிழமை, அந்தக் கதைக்கென வைத்திருந்த வேறு கொப்பியில் எழுதின தாள்களைக் கிழித்தெடுத்துவிட்டு மீதியை என்னிடம் கொண்டுவந்து தந்தாள். "உனக்குப் பாடக்குறிப்பு எழுத உதவும்" என்றாள். நான் வாங்கினேன். வாங்கிப் பாடக்குறிப்பும் எழுதினேன். அதோடு அக்கா கதை எழுதுவதை விட்டுவிட்டாள்.

இன்று காலை அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மீன் விசயம் எழுதத்தான் கொப்பியை எடுத்தேன். காற்றுக்கு மட்டை புரண்டு என் எழுத்து கண்முன்னே வந்து நின்றது. கடைசித் தாளில் எழுதினேன்: 'அன்றைக்கு நான் எழுதியது பொய். உன் கதையை வாசித்து நான் சிரித்தேன், அக்கா.'

கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். காது கேளாதவர்களின் உரத்த குரலில், ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னாள்: "அது எனக்கு அண்டைக்கே கேட்டிச்சி புள்ள. வேலியடியில நிண்டுதானே கேட்டன்."

'பிறகு ஏன் எழுதாமல் விட்டாய்?' என்று அதன் கீழேயே எழுதி நீட்டினேன்.

அக்கா அதை வாசித்துவிட்டுக் கொப்பியை மூடி என் மடியில் வைத்தாள்.

"சிரிச்ச நீயே சிரிக்கல்ல எண்டு எழுதினாய். மறுகா நான் ஆருக்கு எழுதுற?"