மறைத்து வைத்த எச்சரிக்கை

உத்திரமேரூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். பம்புசெட் மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு நிறுத்த ஒரு பெட்டி செய்கிறார்கள். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது எங்கள் குழு.

எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே, வரிவரியாகப் படித்து, எங்கே தப்பு நடக்கலாம் என்று சொல்லும் மென்பொருள் உண்டு. மன்றாடி அப்படி ஒன்றை வாங்க வைத்தேன். முதல் நாளே திரை நிறைய எச்சரிக்கைகள். பெரும்பாலும் உப்புச்சப்பில்லாதவை. ஒன்று மட்டும் உறுத்தியது. கரண்ட் போய்த் திரும்பும்போது, மோட்டார் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று பெட்டியின் நினைவகத்தில் குறிக்கும் இடத்தில் நாங்கள் எதையுமே எழுதி வைக்கவில்லை; புரோகிராமோ அதைப் படித்துக்கொண்டிருந்தது. அங்கே என்ன குப்பை கிடக்கிறதோ, மோட்டார் அதன்படி நடக்கும்.

குழுத் தலைவரிடம் சொன்னேன்.

"டெஸ்டிங்ல ஒரு தடவைகூட வரலையேம்மா. அந்த டூல் எதுக்கெடுத்தாலும் கத்துது. பழைய புரோகிராம்ல வர்றதையெல்லாம் மறைச்சு வெச்சிடுங்க."

மெயிலும் அனுப்பினேன். பதில் இல்லை. எச்சரிக்கைகள் திரையில் வராதபடி மறைத்து வைத்தேன். பெட்டிகள் விற்பனைக்குப் போயின.

தென்னேரியில் பயிர் வைக்கும் சித்தப்பா, நான் இருக்கும் கம்பெனி என்பதற்காகவே ஒன்றை வாங்கி மாட்டினார். ஒருநாள் காலையில் போன் வந்தது.

"இன்னாம்மா உங்க பொட்டி? நான் நிறுத்திட்டுத்தான் வந்தேன். கரண்ட் வந்ததும் தானா ஓடிக்கினு கீது. உரம் போட்ட கழனி, தண்ணியோட அல்லாம் வரப்பத் தாண்டிப் பூடுச்சு. ஒரே பேஜாரு."

"எங்க கம்பெனி தப்புதான் சித்தப்பா. அப்பவே சொன்னேன், கேக்கல."

"தெரிஞ்சேவா வித்தாங்க?"

போனை வைத்ததும் தலைவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

அவரோ, "கிராமத்து வோல்டேஜ் அப்படி" என்றார். எரிச்சல் தலைக்கேறியது. சித்தப்பாவின் பெட்டியைக் கழற்றி வந்து, மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, வீடியோ காலில் தலைவர் பார்க்கவே பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். நெடுநேரம் ஒன்றும் ஆகவில்லை. கை வலித்தபோது, நிறுத்தி வைத்திருந்த பல்பு தானாக எரிந்தது.

அன்று மாலையே அந்த ஒரு வரியைத் திருத்தச் சொன்னார். "மத்த எச்சரிக்கையெல்லாம்?" என்று கேட்டேன். "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

திருத்திய பெட்டியைத் திரும்ப மாட்டச் சித்தப்பா சம்மதிக்கவில்லை. "வேணாம்மா, நானே போய்ப் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அதில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் தலைவரிடமிருந்து செய்தி வந்தது: புதிதாக எழுதிய புரோகிராமிலும் எச்சரிக்கைகள் வருகின்றனவாம், ரிலீஸ் தாமதமாகிறதாம், அவற்றையும் மறைத்துவிட வேண்டுமாம். முடியாது என்று எழுதி அனுப்பினேன். வேறொருவரை வைத்துச் செய்துகொண்டார்கள்.