முகர்ந்து பார்த்து வாங்கிய ரெகுலேட்டர்

கடலுக்கு அடியில் மூச்சு விடுகிற சாமானைப் பதுளையில் தையல் மெஷின் விற்கிற கடையில் போய்ப் பார்த்தோம் என்று சொன்னபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், ஒருவரும் நம்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நானே சுலபத்தில் எதையும் நம்புகிறவள் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள் ஆடாமல் நின்ற பிறகுதான் நான் நகர்வேன். கணக்கப்பிள்ளை முறைப்பார். முறைக்கட்டும். நான் பறித்த கொழுந்து, நான்தான் பார்க்க வேண்டும்.

என் கடைசி மகள் திருகோணமலையில், வெள்ளைக்காரர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய் மீன் காட்டுகிற வேலை செய்கிறாள். ஓட்டல் சமையலறைக்கென்று போனவள் எப்படியோ தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். தேயிலை மலையில் பிறந்த உனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்புவதில்லை.

லீவில் வந்தவள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிற படகில் அவளைச் சேர்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருக்கிறார். நல்ல வேலை. ஆனால் ரெகுலேட்டரை அவளே கொண்டுவர வேண்டும். சிலிண்டரில் இருக்கிற காற்றை மட்டுப்படுத்தி வாய்க்கு அனுப்புகிற சாமான் அது. கீழே அதிக நேரம் நிற்பதற்காக, அந்தப் படகில் ஆக்சிஜன் கூட்டிய காற்றைத்தான் அடைப்பார்களாம்.

"காத்துல என்னாடி பழைய காத்து, புதுக் காத்து?"

"இருக்கும்மா. இந்தக் காத்துக்குன்னே சுத்தம் பண்ணின ரெகுலேட்டர் வேணும். பச்சை அடையாளம் போட்டிருக்கும். சிலிண்டர் வாய்க்கும் பொருந்தணும்."

"பொருந்தாட்டி?"

"காஸ் தட்டுப்பாட்டுல வேற கம்பெனி சிலிண்டரைத் தூக்கிட்டு வந்து நம்ம ரெகுலேட்டரை மாட்டுனியே, பொருந்துச்சா?"

பொருந்தவில்லை. இரண்டு கம்பெனிக்கும் இரண்டு வாய். நான் அழுத்திய அழுத்தில் அது உஸ் என்று சீறியது. அடுப்பையும் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். கடல் சிலிண்டரிலும் அப்படி இரண்டு வகையாம். ஒரு வகையில் ரெகுலேட்டர் சிலிண்டரின் தலையை வெளியே இருந்து கவ்விப் பிடிக்கும். மற்றதில் ரெகுலேட்டரே சிலிண்டர் வாய்க்குள் திருகி இறங்கும். அந்தப் படகில் எல்லாமே திருகுகிற வகை. நம் நாட்டில் அது லேசில் அகப்படாது என்றாள்.

அகப்பட்டது. எல்ல என்கிற ஊருக்குச் சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன், ஊருக்குத் திரும்புமுன் தன் சாமான்களை விற்கச் சொல்லிப் பதுளைக் கடையொன்றில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மகள் அந்த விளம்பரத்தைப் போனில் பார்த்தாள். திருகுகிற வகை, பச்சை அடையாளத்தோடு. ஒழுங்காக மூச்சு விடுகிற சாமானை எவனாவது விட்டுவிட்டுப் போவானா? அந்தச் சந்தேகத்தோடுதான் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் வெண்தாடி வைத்த முஸ்லிம் பெரியவர்; அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். சுவரோரம் பழைய தையல் மெஷின்கள் வரிசையாக நின்றன. வெளியே மழைத் தூறல். உள்ளே ஒரு மெஷினிலும் துருப்புள்ளி இல்லை. அவ்வளவு பளபளப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

"வாங்க ஆச்சி, உக்காருங்க."

"ஆச்சியா? ஒங்க தாடியவிட என் தலை கறுப்பு, நானா."

அவர் குலுங்கிச் சிரித்தார். "சரி தங்கச்சி, ஒரு பிளேன்டி குடிப்போமா?"

"சாமானைப் பாத்துட்டுக் குடிக்கிறேன்."

பால் விடாத தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, கண்ணாடி அலுமாரியிலிருந்து சாமானை எடுத்து வைத்தார். பித்தளைக் கட்டி ஒன்று, அதிலிருந்து கறுப்புக் குழாய்கள், ஒரு குழாயின் முனையில் வாயில் கவ்வுகிற ரப்பர். மகள் திருகுகிற இடத்தைப் பார்த்தாள். குழாயில் சுற்றியிருந்த பச்சைப் பட்டியைத் தடவினாள். அவள் கண் மின்னியது. சின்ன வயதில் தேர்த் திருவிழாவில் விற்கிற பொம்மையைப் பார்த்தும் இப்படித்தான் மின்னும். வீட்டுக்கு வருவதற்குள் பொம்மையின் கை கழன்றிருக்கும்.

"இதேதாம்மா. பச்சையும் இருக்கு."

நான் பட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். "பச்சைப் பட்டிய யாரும் வாங்கி ஒட்டலாமே."

"ஒங்கட உம்மா பொலிசுல இருந்தவங்களா மகள்?" என்றார் நானா.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல இருந்தேன். அதுக்கு முன்னால பொலிசெல்லாம் எம்மாத்திரம்?"

பிறகு அந்த ரப்பரைக் கையில் எடுத்தேன். "இதை யாரு வாயில வெச்சது?"

"அந்த வெள்ளக்காரப் பொடியன்தான்."

"எச்சி!"

"கழுவிட்டா சரியாப் போயிரும்மா," என்றாள் மகள். எப்படிச் சரியாகும்? டம்ளரையே உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிறவர்கள் நாங்கள். எச்சில் வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். எச்சில் வாடை இல்லை. பித்தளைப் பக்கத்தையும் முகர்ந்தேன். சுவரோரம் நின்ற மெஷின்களின் வாசம் அதில் அடித்தது.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சந்தையில் கிழட்டு மாட்டின் கொம்புக்கு எண்ணெய் தடவி விற்கிறவர்களை எனக்குத் தெரியும்.

"எண்ணெ வாசம் வருதே நானா. எதை மறைக்கப் பூசுனீங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "மறைக்கவா? இந்தப் பதுளப் பனியில எந்தச் சாமான் துரு ஏறாம நிக்கும்? எண்ணெ போடாம ஒரு சாமானும் இந்தக் கடையில இருந்து போனதில்ல. இதுக்கு மேல மட்டுமில்ல, திருகுற வாயால உள்ளுக்கும் ஊத்தினேன். திருப்பிப் பாருங்க, பட்டு மாதிரி இரிக்கும்."

மகள் சாமானை மெதுவாக மேசையில் வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள்.

"உள்ளயா ஊத்துனீங்க?"

"ஓம், நல்ல மெஷின் எண்ணெ."

"நானா, ஆக்சிஜன் கூடுன காத்து இதுக்குள்ள அமுக்கத்தோட பாயும். உள்ள எண்ணெ இருந்தா தீப்புடிச்சிரும். சிலிண்டரைத் தொறந்த உடனே, முகத்துக்குப் பக்கத்துலயே."

நானா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ். நல்லதுக்குத்தானே மகள் செஞ்சேன்."

நான் அவர் முகத்தில் பொய்யைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொய் சொல்கிறவனை எனக்குப் பிடிக்கத் தெரியும். இங்கே பச்சைப் பட்டியும் பொய் சொல்லவில்லை, திருகும் பொருந்தியது, கடைக்காரரும் நல்ல மனிதர். இத்தனையும் சரியாக இருந்தும் என் பிள்ளையின் முகம் கருகியிருக்கும். ஆறிப்போன பிளேன்டியை ஒரே மூச்சில் குடித்தேன்.

தெரிந்த ஒருவர் பிரித்து, கழுவி, உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்களை மாற்றினால் சரிப்படுத்தலாம் என்றாள் மகள். நானா அதைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். "கொண்டு போய்க் காட்டுங்க. சரி வந்தா விலை பேசுவோம், வராட்டித் திருப்பித் தாங்க." கையில் காசு வாங்காமல் கொடுக்கிறாரே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். பழகிய புத்தி.

பஸ்ஸில் அந்தச் சாமான் இருந்த பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைக்க நான் விடவில்லை.

"சிலிண்டர் இல்லாம அது ஒன்னும் பண்ணாதும்மா."

"எனக்குத் தெரியும்," என்றேன். ஆனால் மழை அடித்தும் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன்.

அவள் திருகோணமலைக்குத் திரும்பிப் போய், ரெகுலேட்டர் பழுதுபார்க்கப் படித்த ஒருவரிடம் கொடுத்தாள். அவர் பிரித்ததும் படம் எடுத்து அனுப்பினாள். வில்லுக் கம்பியெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது. கழுவி, வளையங்களை மாற்றி, சோதித்துக் கொடுத்தார் என்றாள். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் கை எப்படிப்பட்ட கையோ.

கப்பல் பார்க்கிற படகில் முதன்முதலாகப் போகிற காலையில், படகில் இருந்தே வீடியோ கோல் எடுத்தாள். "பாரும்மா, புதுசு மாதிரி இருக்கு," என்று ரெகுலேட்டரைத் தூக்கிக் காட்டினாள். நான் போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"என்னாம்மா பண்ற? உன் மூக்குதான் தெரியுது."

"போன்ல வாசம் வராது. நீ மோந்து சொல்லு."

"அவரு சோதிச்சுத்தான் குடுத்தாரு."

"அவரா வாயில வெச்சுக்கிட்டு எறங்கப் போறாரு? மோந்து பாரு புள்ள."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். படகின் இஞ்சின் கத்தியது. அவள் அதை முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தாள். நான் போன் திரையில் தெரிந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தராசு முள்ளைப் பார்ப்பதுபோல.

"ஒன்னும் இல்லம்மா."

"உள்பக்கம், திருகுற எடம்?"

மறுபடியும் முகர்ந்தாள்.

"இல்ல."

"சரி, போய்ட்டு வா," என்றேன்.