சொந்தக்காரர்களுக்கு மார்க் போடும் இடம்

எழுந்து நின்ற அந்த மனிதரின் முதுகுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. மகளின் கல்லூரிக்காக இஸ்திரி போட்டு வந்த வெள்ளைச் சட்டை, நடு முதுகில் வியர்வையால் ஒட்டியிருந்தது. காட்பாடியில் இருக்கிற அந்தப் பெரிய தனியார் பல்கலைக்கழகத்தின் அரங்கம் அது. நுழைவுத் தேர்வில் தேறியவர்களைக் கவுன்சிலிங்குக்கு அழைத்திருந்தார்கள். ரேங்க் வாரியாகக் கூப்பிடுவதற்கு முன் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு பேராசிரியர் அங்கே படிப்பு எப்படி நடக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். நடுவில், "இங்கே ரிலேட்டிவ் கிரேடிங்தான்" என்றார். எனக்கு முன் வரிசையில் இருந்தவர் சடக்கென்று எழுந்துவிட்டார். "இன்னாம்மா இது? சொந்தக்காரங்களுக்குத்தான் மார்க்குன்னு அவரே மைக்ல சொல்றாரு. நமக்கு இங்க யாரு இருக்கா? கெளம்பு, போலாம்" என்றார் பக்கத்திலிருந்த மகளிடம். ரகசியமாகச் சொல்வதாகத்தான் அவர் நினைப்பு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரல், நாலு வரிசைக்குக் கேட்டது.

மகள் வெட்கப்படவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். என் அப்பா அப்படி எழுந்திருந்தால் நான் நாற்காலிக்கு அடியில் போயிருப்பேன். அவள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "ரிலேட்டிவ்னா சொந்தக்காரங்க இல்ல நைனா. கூட எழுதறவங்க எப்படி எழுதறாங்களோ, அத்த வச்சு நமக்கு கிரேடு போடுவாங்க" என்றாள். அவர் நின்றபடியே யோசித்தார். "அப்ப பக்கத்துல இருக்கறவ ஜாஸ்தி எடுத்தா உனக்குக் கம்மியா?" "ஆமா நைனா." "இது அத்தவிட மோசமா இருக்குதே" என்றார். அதற்குள் பேச்சு முடிந்து அவர்கள் ரேங்க்கைக் கூப்பிட்டுவிட்டதால் யோசிக்க நேரமில்லாமல் மகளுடன் நடந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அம்மா தொடையில் கிள்ளினாள். சில வாரங்கள் கழித்து விடுதி அறைக் கதவைத் திறந்தபோது எனக்கு எதிர்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அந்த மகள்தான்.

நான் படித்து முடித்து, அங்கே இங்கே வேலை பார்த்து, மறுபடி வேலூருக்கே வந்து சேர்ந்தவள். எங்கள் ஊர் நாட்றம்பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை வைத்திருக்கும் யாரும் என்னை விடுவதில்லை. வேலை கிடைக்குமா, மெஸ் சாப்பாடு எப்படி, வெயில் அதிகமாமே, எத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்பார்கள். சொல்வேன். படித்தால் வேலை கிடைக்கும். மெஸ்ஸில் சப்பாத்தியும் ராஜ்மாவும் பழகிவிடும், சாம்பாருக்கு ஏங்குவதுதான் நிற்காது. வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்பதே வேடிக்கை. விடுதியில் கண்டிப்பு உண்டு. வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எந்தப் பாடம், எந்த ஆசிரியர், எந்த நேரம் என்று நீயே கணினியில் தேர்ந்தெடுக்கலாம், பதிவு நடக்கிற காலையில் மொத்த விடுதியும் ஒரே நேரத்தில் இணையத்தில் விழுந்து முட்டி மோதும். நூலகம் இருக்கிறதே, அதற்காகவே சேரலாம். இதையெல்லாம் அவர்களுடைய இணையதளத்திலும் படிக்கலாம். உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியதை யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் என் ரூம்மேட்டைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும்.

அங்கே சேர்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு ஊரின் முதல் மாணவன், முதல் மாணவி. இது கேட்பதற்குப் பெருமையாக இருக்கும். முதல் பரீட்சை முடிவு வரும்வரைதான் அந்தப் பெருமை. பள்ளியில் என் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். இங்கே முதல் கணிதத் தேர்வில் வகுப்பின் கடைசிக் கூட்டத்தில் கிடந்தேன். மார்க் குறைந்தது மட்டுமென்றால் தாங்கியிருப்பேன். கூடப் படிப்பவர்கள் நன்றாக எழுதியதாலேயே என் கிரேடு இன்னும் கீழே போனது என்று தெரிந்தபோது, சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவளைக்கூடப் பிடிக்காமல் போயிற்று. இந்த முறையைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேள்வித்தாள் கொடுமையாக வந்தால் வகுப்பே சேர்ந்து விழும், தனியாக யாருக்கும் அடிபடாது. அந்த வகையில் நியாயமானதுதான். ஆனால் பதினேழு வயதில் அது மனதுக்குள் என்ன செய்யும் என்பதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. விடுதியில் எங்கள் தளத்தில் குறிப்புகளைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவர்கள் உண்டு. "நான் ஒண்ணுமே படிக்கல" என்று சத்தியம் செய்துவிட்டு முழு மார்க் வாங்கியவர்கள் நிறைய உண்டு.

என் ரூம்மேட் மட்டும் வேறு மாதிரி இருந்தாள். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "முடிஞ்சுதா? நோட்டை எடு" என்றாள். அன்று ஆரம்பித்தது. மாலையில் விடுதித் தாழ்வாரத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவாள். முதலில் நான், பிறகு எதிர் அறை, பிறகு தெலுங்குப் பெண்கள், பிறகு யார் யாரோ. தமிழில் தொடங்கி, ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி, ஆம்பூர் தெருவில் முஸ்லிம் தோழிகளிடம் பிடித்த உருதுவை இந்தி என்று நம்பிக்கொண்டு பேசுவாள். வடக்கத்திப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஆனால் கணக்கு புரிந்துவிடும். அவளே பெரிய மேதை என்று நினைத்துவிட வேண்டாம். வகுப்பின் நடுவில், கொஞ்சம் மேலே இருந்தவள். அதனால்தான் யாருக்கு எந்த இடத்தில் சிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

எங்கள் தளத்தின் முதல் மாணவி ஒரு ஜெய்ப்பூர்க்காரி. பயிற்சி நிலையங்களில் புடம் போட்டு எடுத்த பெண். அவள் ஒருநாள் பாய்க்கு அருகில் நின்று, "நீ சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொருத்தியும் உன் கிரேடைக் கீழே தள்ளுவாள், தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உண்மைதான். அதிலும் என் ரூம்மேட் கட்டணச் சலுகையில் படித்தவள். ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட தரத்துக்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் அந்தச் சலுகை தொடரும். அது போனால் அவள் அப்பாவின் சம்பளத்தில் அந்தப் படிப்பு ஒரு பருவம்கூட ஓடாது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அவள் பதிலுக்குத் தத்துவமெல்லாம் பேசவில்லை. "எங்க நைனா கம்பெனில எல்லாம் லைன்ல உக்காந்துதான் ஷூ செய்வாங்க. ஒரு ஆள் கை நின்னா அடுத்த ஆள் சும்மாதான் உக்காந்திருக்கணும். எனக்கு அப்படியே பழகிப்போச்சு" என்றாள். பிறகு, கவுன்சிலிங் அரங்கில் அப்பா எழுந்து நின்ற கதையை அபிநயத்தோடு செய்து காட்டினாள். ஜெய்ப்பூர்க்காரியே சிரித்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் தளத்தில் அது பேச்சாகிப்போனது. தாழ்வாரத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் "வா ரிலேட்டிவ்" என்போம். ஊறுகாய் பாட்டில் திறந்தால் எல்லா ரிலேட்டிவ்களும் வந்துவிடுவார்கள்.

இரண்டாம் ஆண்டில், பருவத் தேர்வு நெருங்குகிற சமயம், அவளுக்கு டைபாய்டு வந்தது. அப்பா வந்து ஆம்பூருக்கு அழைத்துப் போனார். மருத்துவ விடுப்பு கொடுத்துவிட்டார்கள், அதில் பல்கலைக்கழகத்தை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நடந்துபோன பாடம் நடந்துபோனதுதான். அந்தப் பருவத்தில் எங்கள் எல்லோரையும் நடுங்க வைத்த ஒரு பாடத்தின் கடைசிப் பாதியை அவள் கேட்கவே இல்லை. காய்ச்சல் இறங்கியதும் போனில், "இந்தத் தடவ அவ்ளோதான்டி. நைனாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். போனை வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனேன். பாய் சுருட்டியபடி சுவரோரம் இருந்தது. அவளில்லாமல் யாரும் அதை விரிக்கவில்லை. அங்கிருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். ஜெய்ப்பூர்க்காரிதான் கேட்டாள், "ஆம்பூருக்கு எந்த ரயில்?"

ஞாயிற்றுக்கிழமை காலை காட்பாடியில் ரயிலேறினோம். எங்கள் தளத்தில் பாதிப் பேர். பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு என்பது அங்கே படிக்கிற யாருக்கும் தங்கம். அதைவிட, நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற ஒவ்வொரு கேள்விக்கும் எங்கள் கிரேடில்தான் கைவைக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் அதைப் பற்றிப் பேசவில்லை. குடியாத்தம் தாண்டி, ஊர் நெருங்க நெருங்கத் தோல் வாடை ஜன்னல் வழியாக வந்தது. ஜெய்ப்பூர்க்காரி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஸ்டேஷனில் இறங்கியதும், போகிற வீட்டை அவமதிப்பதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, தானே எடுத்துவிட்டாள்.

கதவைத் திறந்த அவள் அப்பா, வாசல் கொள்ளாமல் நின்ற பெண்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். அந்தத் திகைப்பில் என்னைக்கூட அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா நீங்கள்லாம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெய்ப்பூர்க்காரி முந்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்து, "நாங்க ரிலேட்டிவ், அங்கிள்" என்றாள்.

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். அந்த வார்த்தையை அவர் மறந்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கதவை அகலத் திறந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏய், சொந்தக்காரங்க வந்திருக்காங்க, அரிசி ஜாஸ்தி போடு" என்றார். உள்ளே கட்டிலில் எலும்பும் தோலுமாகச் சாய்ந்திருந்தவள் எங்களைப் பார்த்ததும் அழுதாள். "முடிஞ்சுதா? நோட்டை எடு" என்றேன் நான். அன்று முழுக்க அந்தச் சின்ன அறையில் முறை வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். ஜெய்ப்பூர்க்காரிக்கு இவ்வளவு பொறுமை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. மத்தியானம் எல்லோரும் பிரியாணியை ஒரு பிடி பிடிக்க, சைவக்காரியான அவள் வெறுஞ்சோற்றில் அதற்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயைப் பிசைந்து மூன்றாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். கத்தரிக்காயை அவள் அதற்குமுன் மதித்ததே கிடையாது.

என் ரூம்மேட் தேர்வெழுதினாள். அவள் தேவைக்கு மயிரிழை மேலே ஒரு கிரேடு வந்தது. சலுகை தப்பியது. எங்களில் சிலருக்கு ஒரு படி இறங்கியது, எனக்கும்தான். அது அவளால்தானா, நாங்கள் எழுதிய லட்சணத்தாலா என்று யாரும் ஆராயவில்லை. இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளைப் போல ஒருத்தியை அதற்குப் பிறகு நான் எந்த அலுவலகத்திலும் பார்க்கவில்லை. ஆனால், அவளைப் போல ஒருத்தியும், ஜெய்ப்பூர்க்காரியைப் போல ஒருத்தியும், என்னைப் போல ஒருத்தியும் ஒரே தாழ்வாரத்தில் உட்காருகிற இடத்தையும் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்த வளாகத்தின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு அதுதான் காரணம்.

இந்த வருடம் என் அக்கா மகளுக்கு அங்கே இடம் கிடைத்து, சேர்க்கை நாளன்று கூடப் போயிருந்தேன். அரங்கத்தில் குளிர்சாதனம் வந்திருக்கிறது, நாற்காலிகள் மெத்தென்று இருக்கின்றன. மேடையில் யாரோ ஒரு இளம் பேராசிரியை பேசிக்கொண்டிருந்தார். சொல்வார் என்று காத்திருந்தேன், சொன்னார். எனக்குப் பக்கத்தில் குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் லுங்கித் தறி ஓட்டுகிறவர்களாம். மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டாரோ என்னவோ, என் பக்கம் சாய்ந்து, "ரிலேட்டிவ்னு இன்னாமோ சொல்றாங்களே, அப்படின்னா இன்னாம்மா?" என்றார்.

"சொந்தக்காரங்கன்னு அர்த்தங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அப்ப எங்க புள்ளைக்கு இங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்.

அரங்கம் நிறைய உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் காட்டினேன்.