ஆர்.கே.புரத்தில் பிழைத்த கதாநாயகன்

இன்று மதியம் நானும் மனைவியும் கைபேசியில் ஒரு பழைய ஹாலிவுட் படம் பார்த்தோம். நிஜமாகவே வாழ்ந்த ஓர் இசையமைப்பாளரின் காதல் கதை.

என்ன இசை! அவன் பியானோவில் கை வைத்ததுமே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எண்பதுகளில், தில்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஹாலில் இதே படத்தைப் பார்த்திருக்கிறோம். வாடகை புரொஜெக்டர், திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி. ஆபரேட்டர் வரவில்லை என்று ரீல் மாட்டியது நான்தான்.

டீ இடைவேளை முடிந்த அவசரத்தில், மூன்றாவது ரீலுக்குப் பதில் கடைசி ரீலான நான்காவதை மாட்டிவிட்டேன். கதாநாயகன் செத்துப்போனான். ஹாலே மூக்கைச் சிந்தியது.

வேறு வழியில்லாமல் மூன்றாவதை அதற்குப் பிறகு ஓட்டினேன். அவன் எழுந்து வந்து, பியானோ வாசித்து, காதலியைக் கல்யாணமும் செய்துகொண்டான். ஒரே கைதட்டல்.

எங்கள் செக்‌ஷன் ஆபீசர், "பஹுத் அச்சா! முடிவுன்னா இப்படி இருக்கணும்யா" என்று என் கையைக் குலுக்கினார்.

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கல்யாணமாகி தில்லி வந்த நாளிலிருந்து ஊரை நினைத்து அழுதுகொண்டிருந்த என் மனைவி, அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தாள்.

"பாத்தீங்களா, அந்தப் பொண்ணு அழுத அழுகைக்கு அவன் பொழைச்சு வந்துட்டான்!" என்றாள்.

இன்று படம் சரியான வரிசையில் ஓடி முடிந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. நீங்க அன்னிக்கு ஓட்டினதுதான் சரியான படம்."

"ஆமாம்" என்றேன்.

தயவுசெய்து இந்தப் பதிவை யாரும் அவளுக்கு அனுப்பிவிடாதீர்கள்.