பம்பருக்குள் ஒளித்த குழாய்

2012இல் நான் நகரத்தின் மேற்கு விளிம்பில், டார்னெய்ட்டில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வெள்ளைக்கார நாடு தேடிப் படகில் வந்த அகதி, கையில் தற்காலிக விசா. இடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயின்ற் அடிக்கும் ஒரு கராஜில் வேலை. முதலாளி எண்பதுகளிலேயே வந்துவிட்ட யாழ்ப்பாணத்துக்காரர். அவரை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம்.

அங்கிளிடம் ஒரு ரேஸ் கார் இருந்தது. பழைய குடும்பக் கார் ஒன்றின் கண்ணாடிகளையும் பின் சீற்றையும் பிடுங்கி எறிந்து, உள்ளே இரும்புக்கூடு போட்டு, கதவுகளை வெல்ட் பண்ணி அடைத்தது. ஜன்னலுக்குள்ளால் ஏற வேண்டும், ஜன்னலுக்குள்ளால் இறங்க வேண்டும். நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன மண் வட்டத்தில் சனிக்கிழமைகளில் போட்டி நடக்கும். அங்கிளுக்கு நாரி நோ, இடுப்பை வளைத்து ஏற முடியாது. அதனால் காரை ஓடுகிறவன் நான். வன்னியில் மழைக்காலத்தில் லொறி ஓடியவனுக்குச் சேற்றில் சில்லு சறுக்குவது புதினமில்லை. சறுக்கும் பக்கமே ஸ்ரியறிங்கை விட்டுக்கொடுத்துப் பிடிப்பேன். அந்தச் சில நிமிடங்களுக்கு விசா, நேர்காணல், வக்கீல் எதுவும் தலைக்குள் இருக்காது. எனக்கு அது பிடித்திருந்தது.

சீசனின் கடைசிப் போட்டிக்கு முதல்நாள் பின்னேரம், காரைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தேன். ரேடியேற்றரில் காய்ந்திருந்த சேற்றைக் கழுவி, ரயர்களுக்குக் காற்றுப் பார்த்து, பெல்ற்றை இழுத்துப் பார்த்தேன். ஹெல்மெற்றின் உள்பஞ்சு சீசன் முழுக்க என் வியர்வையில் ஊறி நாறியது. அதைத் தோய்த்துக் காயப்போட்டேன். முன்பம்பரின் பிளாஸ்ரிக் ஒரு பக்கம் ஆடியது. திருகாணியை முறுக்குவதற்குக் குனிந்தபோதுதான் உள்ளே பார்த்தேன். தடித்த இரும்புக் குழாய் ஒன்று சட்டத்தோடு சேர்த்து வெல்ட் பண்ணப்பட்டிருந்தது. நுனிகள் சரிவாக வெட்டிக் கூராக்கப்பட்டு, வெளியில் தெரியாதபடி கறுப்புப் பெயின்ற் பூசப்பட்டிருந்தன. வெல்ட் அங்கிளின் கைவேலை. அவருடைய கை எனக்குத் தெரியும்.

அவரிடம் போய் இது என்ன என்று கேட்டேன். பாதுகாப்புக்கு என்றார். எங்கள் பிரிவில் இடிக்கவே கூடாது, இப்படி எதுவும் பூட்டவும் கூடாது என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"மூன்றாவது வளைவில சிவப்புக் கார்க்காரன் வேகத்தைக் குறைப்பான். நீர் குறைக்க வேண்டாம். அவ்வளவுதான்."

சிவப்புக் கார்க்காரர் ஒரு வெள்ளையர். பல வருசம் அங்கிளிடம் வேலை செய்துவிட்டு, இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகக் கராஜ் திறந்தவர். வாடிக்கையாளர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று அங்கிளுக்கு ஆறாத கோபம். அந்த வளைவில் எல்லாக் கார்களும் சறுக்கிப் பக்கவாட்டாகத்தான் திரும்பும். முன்னால் போகிறவரின் கதவு பின்னால் வருகிறவனின் பம்பருக்கு நேரே நிற்கும். அந்தக் கதவுக்குள் போகவே அந்தக் கூர். நான் இடிக்க மாட்டேன் என்றேன். யோசியும் என்றுவிட்டு அவர் தொலைபேசியை எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை அங்கிள் காரைத் தன் வானில் பூட்டிய ரெயிலரில் ஏற்றி, முழு நகரத்தையும் குறுக்கே கடந்து, மறுகோடியில் த பேசின் என்ற இடத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். கார் தரிப்பிடத்தில் ஐயர் வந்து பூசை செய்தார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய். முன்பம்பரில், சரியாகக் குழாய் இருந்த இடத்தின் மேல், சந்தனமும் குங்குமமும். அங்கிள் கண்ணை மூடிக் கும்பிட்டு உருகி நின்றார். வந்திருந்த சனம் எனக்கு வாழ்த்துச் சொன்னது. ஓர் அன்ரி சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துவிட்டு, தமிழ் ஆக்களின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றார். வாயில் போட்டேன், விழுங்க மனம் வரவில்லை. மரத்தடிக்குப் போய்த் துப்பினேன். சாமிப் பிரசாதத்தைத் துப்பியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

போட்டி நடக்கும் இடத்தில் கார்களைப் பரிசோதிக்க ஒரு முதியவர் இருந்தார். அவர் பெல்ற், ஹெல்மெற், பிரேக் மட்டும் பார்த்து, ஓடலாம் என்ற ஒட்டுத்தாளை ஒட்டிவிடுவார். அன்றும் ஒட்டப் போனார். பம்பருக்குப் பின்னாலும் ஒருக்கால் பாருங்கள் என்று நான் இங்கிலிசில் சொன்னேன். அங்கிள் பக்கத்தில்தான் நின்றார். முதியவர் முனகிக்கொண்டு குந்தி, விரலால் தட்டிப் பார்த்தார். வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப வா என்றார். குடித்துக்கொண்டிருந்த சோடாக் கானோடு அடுத்த காருக்குப் போய்விட்டார். கோபமில்லை, தண்டனையில்லை.

அங்கிள் கிரைண்டரை எடுத்துத் தானே வெட்டினார். தீப்பொறி பறக்கப் பறக்க, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நிரந்தர விசா இல்லாதவன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கப் பழக வேணும்."

நான் சிவப்புக் கார் நின்ற இடத்துக்குப் போனேன். அந்த மனிதர் எச்சரிக்கையாக ஓட வேண்டும் என்று நினைத்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். தோளில் தட்டி, தன் காரின் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பின்பம்பரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஈட்டிபோல ஓர் இரும்பு. பின்னால் வந்து இடிக்கிறவனின் ரேடியேற்றரைக் கிழிப்பதற்கு. அவருடைய கார் பரிசோதனை முடிந்து ஒட்டுத்தாளும் ஒட்டியாகிவிட்டது. இது உன் முதலாளிக்காகத்தான், அவரிடம் சொல்லிவிடாதே என்று கண்ணடித்தார். பாணில் சுருட்டிய சொசேஜ் ஒன்றை நீட்டினார். கொழுப்பு வழிந்து அவர் விரல்களெல்லாம் மினுங்கியது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் விரும்பிச் செய்கிறார்கள் என்று விளங்கியதால் முதியவரிடம் மறுபடி போகவில்லை.

ரேஸ் உடுப்பைக் கழற்றி மடித்து அங்கிளின் வானுக்குள் வைத்தேன். நான் ஓடவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை. கூட வந்திருந்த, கராஜில் பெயின்ற் அடிக்கிறவனைக் கூப்பிட்டு உடுப்பைக் கொடுத்தார். அவனிடம் இரும்பைப் பற்றிச் சொன்னேன். ஓமண்ணை, பார்த்து ஓடுறன் என்று ஜன்னலுக்குள்ளால் ஏறினான்.

போட்டி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, அதே மூன்றாவது வளைவில், எங்கள் கார் சிவப்புக் காரின் பின்பக்கத்தில் போய் முட்டியது. வேண்டுமென்றா, சறுக்கியா என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. எங்கள் ரேடியேற்றர் கிழிந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. சிவப்புக் கார் சுற்றிப் போய்ச் சுவரில் மோதி நின்றது. இரண்டு பேரும் ஜன்னலுக்குள்ளால் இறங்கி நடந்தார்கள். அன்று முழுக்க இல்லாத கைதட்டல் அப்போதுதான் கேட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன் தன் மகளைத் தோளில் தூக்கிக் காட்டினான்.

திரும்பிப் போக வேறு வழி இல்லை. அங்கிளின் வானில்தான் வந்தேன். வழிநெடுக அவர் சந்தோசமாகப் பேசினார். சுவரில் மோதியதை மூன்று நான்கு தரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது தேத்தண்ணி ஊற்றித் தந்து, அடுத்த சீசனுக்கு நீர்தான் ஓட வேணும், உம்மைப்போல ஒருத்தனும் வளைவு எடுக்க மாட்டான் என்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கொஞ்ச நாளில் ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, கராஜை விட்டுவிட்டேன். குடல் எடுக்கும் பகுதி. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மணம் தாங்காமல் அன்றைக்கே போய்விட்டார்கள். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.