முப்பத்தைந்து நிமிடத்தில் நின்றுவிடும் மெஷின்

1. கிழிந்த கம்பூட்

ஒரு தை மாதக் காலையில் திம்மராஜ் பைக் ஸ்டாண்டை ஒட்டிய புல்லை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்த பெட்ரோல் பிரஷ் கட்டர், பின்னால் சருகு வாரிக்கொண்டிருந்த நாகம்மாவின் கம்பூட்டைக் கிழித்துவிட்டது. பிளேடு ரப்பரோடு நின்றது. இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தால் கணுக்கால். நாகம்மா கத்தவில்லை. பூட்டைக் கழற்றி, காலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போது நான் ஓசூர்-பாகலூர் சாலையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கார்டன் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஒன்பது பேர், எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள். பிரஷ் கட்டரைத் தொடுகிற உரிமை திம்மராஜுக்கு மட்டும்தான். பாகலூர்க்காரன், நாற்பது வயது. வீட்டில் கன்னடம், வேலையிடத்தில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. ஸ்டார்ட்டர் கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்து இன்ஜினைக் கிளப்பிவிடுவான். காலையில் தோளில் மாட்டினால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இறக்க மாட்டான். "நிறுத்தாம வெட்டுவான்" என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நோட்டீஸ் போர்டில் சிறந்த தொழிலாளி என்று அவன் பெயரை எழுதிப் போட்டதும் நான்தான்.

"ஏம்பா, அவ பின்னாடி நிக்கறது தெரியலையா?"

"தெரிஞ்சுது மேடம். ட்ரிகரை விட்டுட்டுத்தான் திரும்பினேன். விட்டுட்டேன்னுதான் நெனச்சேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை உறுத்தியது. கிளவுஸைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றான். மறுபடி சொன்னேன். வலது கையில் மூன்று விரல்கள் நடுக்கணு வரைக்கும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தன. தொட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் ஊறியதுபோல் சில்லிட்டிருந்தன.

"குளிருக்கு அப்படித்தான் மேடம் ஆவும். வெயில் வந்தா சரியாப் போவும்."

கம்பெனியின் மருத்துவ அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த சிஸ்டர் விரல்களைப் பார்த்ததும் என்ன மெஷின், எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார். பிறகு, "சட்டை பட்டன் நீங்களே போட்டுக்கிறீங்களா?" என்றார்.

திம்மராஜ் என்னைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு வருசமா வீட்லதான் போட்டு விடறாங்க."

மறுநாள் வந்த டாக்டர் காரணத்தைச் சொன்னார். அதிர்கிற மெஷினை வருஷக்கணக்கில் இறுக்கிப் பிடித்ததால் விரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் கெட்டுவிட்டன; எதைப் பிடித்திருக்கிறோம், எதை விட்டோம் என்பதே விரலுக்குத் தெரியாது. இனி இவர் எந்த அதிர்கிற மெஷினையும் தொடக் கூடாது.

ஆறு வருஷம் அவன் வெட்டிய புல்லைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட அவன் கையைப் பார்த்ததில்லை.

2. பூட்டு

டாக்டர் சொன்ன அன்று மதியமே இரண்டு பிரஷ் கட்டர்களையும் வேலிச்செடி வெட்டும் பெட்ரோல் ஹெட்ஜ் டிரிம்மரையும் ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் ஐடி கார்டு கயிற்றிலேயே கோத்துக்கொண்டேன். நியர் மிஸ் ரிஜிஸ்டரில், அதாவது தப்பிப் பிழைத்த விபத்துகளை எழுதும் நோட்டில், நடந்ததை முழுப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் சண்டைக்கு வந்தவர் கான்ட்ராக்டர் கோவிந்தராஜ்.

"ஆளை மாத்துங்க மேடம், மெஷினை ஏன் பூட்டறீங்க? பாகலூர் பஸ் ஸ்டாப்புல போய் நின்னா பத்து ஆளு கெடைப்பான்."

"அந்தப் பத்து பேருக்கும் கையில விரல் இருக்கும்ல?"

"எல்லாத்துக்கும் ஒரு பேச்சு வெச்சிருக்கீங்க. அப்போ புல்லை எதுல வெட்டறது?"

"பேட்டரியில. பேட்டரி பிரஷ் கட்டர் வாங்கிக் கொடுங்க. அதிர்வு கம்மி, புகை இல்லை, கயிறு இழுக்க வேண்டியதில்லை."

அவர் சிரித்த சிரிப்பு செக்யூரிட்டி கேட் வரைக்கும் கேட்டிருக்கும். "பொம்மை மேடம் அது. அரை மணி நேரத்துல செத்துடும்."

கோவிந்தராஜ் எதிர்ப்பார் என்று எனக்குத் தெரியும். திம்மராஜும் எதிர்ப்பான் என்று நினைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து போகும்போது ஸ்டோர் வாசலில் எனக்காக நின்றிருந்தான்.

"பேடா மேடம், வேணாம், பூட்டாதீங்க. அந்த மெஷின் கையில இருந்தாத்தான் நான் ஆப்பரேட்டர். இல்லன்னா நானும் தொடப்பம் புடிக்கற ஆளு. வெரலு என்னுது, வலி என்னுது. உங்களுக்கு என்ன?"

எனக்கு என்ன என்பதை அவனிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "சாவி தர மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவன் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

3. புல் வளர்ந்த நாட்கள்

எங்கள் தோட்டத்துக்குச் சுத்திகரிப்புத் தொட்டித் தண்ணீர் பாயும். அதனால் புல்லுக்கு மழையும் தெரியாது, கோடையும் தெரியாது. ஒரு வாரத்தில் பாதை ஓரமெல்லாம் முழங்காலைத் தொட்டது. திம்மராஜ் தவிர்த்த எட்டுப் பேரும் நானும் அரிவாளோடு குனிந்தோம். முன்பக்கத்தை அறுத்து முடிக்கும்போது பின்பக்கம் வளர்ந்து நின்றது. கேன்டீன் அருகே ஒரு சாரைப்பாம்பு வந்துபோனது. அன்றிலிருந்து கேன்டீனில் டீ குடிக்கப் போனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அட்மின் மேனேஜர் பிரபாகர் சார் என்னைக் கூப்பிட்டார். பத்து நாளில் வெளிநாட்டுக் கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார்கள்.

"ஸ்டெல்லா, இது கார்டனா, காடா? தேன்கனிக்கோட்டை யானையெல்லாம் வழி கேட்டு இங்க வந்துடும் போல இருக்கே!"

"பேட்டரி மெஷின் கேட்டு எழுதியிருக்கேன் சார்."

"முதல்ல பூட்டைத் திறங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

"திறக்க மாட்டேன் சார்."

மறுநாள் மெமோ வந்தது. மேலதிகாரி சொல்லைக் கேட்காமல் கம்பெனி உபகரணங்களைப் பூட்டி வைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். காலையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: "பூட்டியது நான்தான். டாக்டரின் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது."

இருபத்தோரு வருஷ வேலையில் எனக்கு வந்த ஒரே மெமோ அது.  எழுத்துக் கோணாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் பிரபாகர் சாரே என் இடத்துக்கு வந்தார். கையில் நியர் மிஸ் ரிஜிஸ்டர். கஸ்டமர் ஆட்கள் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இதை அழிச்சிட்டு வேற மாதிரி எழுதுங்க."

"பேனாவுல எழுதியிருக்கேன் சார்."

"விரலைப் பத்தியெல்லாம் எதுக்கு இவ்வளவு?"

"விரலைப் பத்தித்தான் சார் அது."

அவர் நோட்டை மூடி என்னிடமே நீட்டினார். பிறகு, "இதுக்கு என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க. பேட்டரி மெஷின்காரங்களை டெமோவுக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. டெமோ

ஓசூரிலிருந்து டீலர் ஒரு பேட்டரி பிரஷ் கட்டரைக் கொண்டுவந்தார். பிரபாகர் சார், கோவிந்தராஜ், எங்கள் ஆட்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். திம்மராஜ் தள்ளி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றான்.

நாகம்மாவைக் கூப்பிட்டு, மெஷினைத் தோளில் தொங்கவிடும் ஹார்னஸை மாட்டிவிட்டேன். கோவிந்தராஜ், "பொம்பளையா?" என்றார்.  நாகம்மா பட்டனை அழுத்தினாள். தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். புல் சாய்ந்தது. கொஞ்சம் போனதும் அவள் திரும்பி, "மேடம், ஓரத்தையும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது. பெட்ரோல் மெஷின் ஓடும்போது நாங்கள் கையைத்தான் ஆட்டிக்கொள்வோம்.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில், பாதை பாதியில் இருக்கும்போது, மெஷின் நின்றுவிட்டது.

"பாத்தீங்களா சார்?" என்று கோவிந்தராஜ் கையைத் தட்டினார். "நான் சொன்னேன்ல, செத்துடுச்சு!"

 டீலர் வேகமாக இன்னொரு பேட்டரியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அப்போது நாகம்மா ஹார்னஸைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் உதறி, விரல்களை மடக்கி நீட்டினாள். அவளாக நினைத்துச் செய்யவில்லை. மெஷின் நின்றது, கை இளைப்பாறியது. ஆறு வருஷத்தில் திம்மராஜ் இப்படி நடுவில் கையை உதறி நான் பார்த்ததில்லை. டேங்கில் பெட்ரோல் தீர்ந்தாலும் ஒரு நிமிடத்தில் ஊற்றிக்கொண்டு மறுபடி இழுத்துவிடுவான்.

"பேட்டரியை மாத்துங்க" என்று சொல்லி, எங்கள் ஆட்களில் ஒருவனான முருகேசனைக் கைகாட்டினேன். "ஆனா நாகம்மா வேணாம். அடுத்தது முருகேசன் மாட்டட்டும்."

"எதுக்கு ஆளை மாத்தறீங்க?" என்றார் பிரபாகர் சார்.

"ஒரு பேட்டரிக்கு ஒரு ஆள் சார். அது தீர்ந்தா இவங்க இறக்கி வைக்கணும். மெஷின் நிக்குதுன்னு கோவிந்தராஜ் சொல்றாரு. நிக்கட்டும். அது நின்னாத்தான் ஆளு நிப்பான்."

பிரபாகர் சார் டீலர் பக்கம் திரும்பி விலையைக் கேட்டார். அந்த வாரமே இரண்டு மெஷின்கள் வந்தன. ஆடிட்டுக்குள் புல்லை வெட்டி முடித்தோம். எல்லாம் சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். காம்பவுண்டுச் சுவரோரம் அடர்ந்து கிடந்த உண்ணிச்செடிப் புதரில் பேட்டரி மெஷின் திணறியது. அங்கே கத்தியும் ரம்பமும்தான். அதற்கு இரண்டு நாள் கூடுதலாக ஆனது. ஆகட்டும் என்று விட்டேன்.

5. அதற்குப் பிறகு

நாகம்மா, முருகேசன், இன்னும் இரண்டு பெண்கள் என்று நான்கு பேர் ஆப்பரேட்டர் ஆனார்கள். திம்மராஜைத் தண்ணீர் லைன்களுக்குப் பொறுப்பாகப் போட்டேன். அவன் நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. நான் எதிரே வந்தால் வால்வைத் திறப்பதுபோல் குனிந்துகொள்வான். அதற்காக நான் வருத்தப்பட்டேன், ஆனால் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த மார்கழியிலும் அவன் விரல் வெளுத்தது. முழுசாக எப்போதும் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் அவனாகவே வந்து நின்று, "கீழ ரெண்டு பட்டன் நானே போட்டேன் மேடம்" என்றான். மேல் பட்டன்கள் இன்னும் வீட்டில்தான் என்று புரிந்துகொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்னால் ஒரு சேல்ஸ்மேன் வந்தார். முதுகில் மாட்டிக்கொள்கிற பெரிய பேட்டரி. "ஒரு தடவை சார்ஜ் போட்டா நாள் முழுக்க ஓடும் மேடம். நடுவுல நிறுத்தவே வேணாம்" என்றார் பெருமையாக. பிரபாகர் சாருக்குப் பிடித்துவிட்டது.

"அதுதான் சார் வேணாம்" என்றேன்.

இளம் சூப்பர்வைசர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்ரோலை விட்டுப் பேட்டரிக்கு வந்தால் மட்டும் கை பிழைக்காது. நிறுத்தாமல் ஓடுகிற மெஷின் எதுவானாலும் ஆளைத் தின்னும். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடும் என்று விற்பவர் சொல்வார். ஆள் எத்தனை நேரம் பிடிக்கலாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னதற்கு மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷத்துக் கான்ட்ராக்ட் நிபந்தனைகளில் என் கையால் ஒரு வரி சேர்த்தேன்: "ஒரு பேட்டரி தீர்ந்ததும் ஆள் மாற வேண்டும்." பிரபாகர் சார் அதை அடித்துவிடச் சொன்னார். நான் அடிக்கவில்லை. போன வாரம் நாகம்மா போன் செய்தாள். இப்போது அவள்தான் அங்கே சூப்பர்வைசர். புது மேனேஜரும் அந்த வரியை அடிக்கச் சொன்னாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என் கையில பேனா இல்லைன்னுட்டேன் மேடம்" என்றாள்.