ஈசானிய மூலைத் தண்ணீர்

எனக்கு முன்கோபம் அதிகம். வாயும் கொஞ்சம் நீளம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டிருந்த என்னிடம் கொத்தனார்களுக்கு வகுப்பெடுக்கும் வேலையைக் கொடுத்தது யாருடைய யோசனை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு மதுரையில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்காலைத் தோண்டினால் குப்பையைவிடக் கட்டடத்து மணல்தான் அதிகமாக வருகிறது என்று புகார்கள். ஆகவே கட்டட வேலை செய்கிறவர்களுக்கும் வாய்க்கால் வாருகிறவர்களுக்கும் மழைத்தண்ணீரைப் பற்றியும் மண் அரிப்பைப் பற்றியும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். கீழே அகப்பட்டவள் நான்.

முதல் வகுப்பு செல்லூரில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. சுற்றிலும் விசைத்தறிகள் ஓடும் சத்தம். தொண்டை கிழியக் கத்தினால்தான் பின்வரிசைக்குக் கேட்கும். எனக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. இரண்டு இரும்புச் சட்டிகளைச் சரித்து வைத்து, ஒன்றில் வெறும் மண்ணும் இன்னொன்றில் புல்லோடு வெட்டியெடுத்த மண்ணும் நிரப்பி, பூவாளியால் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். புல் இருந்த சட்டியிலிருந்து தெளிந்த தண்ணீர் வடிந்தது. வெறும் மண்ணிலிருந்து செக்கச் செவேலென்று ஒழுகியதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து உயர்த்திக் காட்டினேன்.

"டீ வந்துருச்சு டீச்சரம்மா, வடை எப்ப வரும்?" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு கொத்தனார். கூடமே சிரித்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றதால் அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் டீச்சராகிவிட்டேன்.

உண்மையான வகுப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது, அதையும் நான் நடத்தவில்லை. மணல் குவியலைச் சுற்றிச் செங்கல் வரிசை வையுங்கள், வாய்க்கால் வாயில் ஜல்லி நிரப்பிய சாக்கைப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, வாய்க்கால் வாருகிற அம்மா ஒருவர் எழுந்தார். "நாங்க இடுப்பொடிய வார வார, இவுக கொட்டிக்கிட்டே இருக்காக. இவுகள வாய்க்காலுக்குள்ள ஒருநாள் இறக்கி விடுங்க, எல்லாம் புரிஞ்சுரும்" என்றார். கொத்தனார்கள் எகிறினார்கள். வீட்டுக்காரர்கள் தெருவில்தான் கொட்டச் சொல்கிறார்கள், நாங்கள் என்ன தலையிலா சுமக்க முடியும் என்றார்கள். சண்டை நன்றாக வளர்ந்தது. நான் தடுக்கவில்லை. என் சட்டியையும் பூவாளியையும்விட அது பிரயோசனமாக இருந்தது.

கடைசியில் வடை கேட்ட கொத்தனாரே ஒரு கேள்வி கேட்டார். "தெருவுல வாய்க்கால் எங்க இருக்கோ அந்தப் பக்கமாத்தான் மனையில வாட்டம் குடுக்கணும்ங்கிறீக, சரி. வீட்டுக்காரவுக, தண்ணி ஈசானிய மூலையிலதான் வெளிய போகணும்னு நிப்பாகளே, அதுக்கு நாங்க என்ன செய்ய?"

வடகிழக்கு மூலையில் மழைத்தண்ணீர் வெளியேறினால் குடும்பம் தழைக்கும் என்பது ஊரில் பலருடைய நம்பிக்கை. எனக்கு அன்று வந்த வீறாப்பில், "அப்படி நிக்கிறவங்ககிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். அந்த ஆண்டு ஆவணியிலேயே அவர் கூட்டிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்த இடம் திருநகரில் என் அக்கா கட்டிக்கொண்டிருந்த வீடு.

அந்தக் கொத்தனார்தான் அங்கே வேலை பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் அது என் அக்கா வீடு என்று தெரியாது. என்னைப் பார்த்ததும் அக்கா, "என்னடி திடீர்னு?" என்றாள். கொத்தனார் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரியாப் போச்சு. டீச்சர், நீங்களே பேசிக்கிறேன்னீக, பேசுங்க" என்று சாந்துச் சட்டியோடு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நிலைமை இதுதான். வீடு மேற்குப் பார்த்தது. தெருவும் வாய்க்காலும் மேற்கே, வாசலுக்கு நேர் எதிரே இருந்தன. மனை முன்பு வயலாக இருந்த இடம் என்பதால் கிராவல் மண் அடித்து நன்றாக உயர்த்தியிருந்தார்கள். மொட்டை மாடித் தண்ணீர், முற்றத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் பின்னால் வடகிழக்கு மூலைக்குச் சரிவாக வாட்டம் கொடுத்து, சுற்றுச்சுவரில் ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டம், அதன் ஓரத்தில் கிணறு. கிணற்றின் சுவர் கீழே பாறை, மேலே ஆளுயரத்துக்கு வெறும் மண். அந்த மண்ணுக்குக் கல் கட்டவில்லை. அதன் கரையில்தான் மோட்டார் நின்றது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பெய்த ஒரு மழையிலேயே கிராவல் கரைந்து கிணற்றுக்குள் ஓடியிருந்தது, கரையிலும் ஒரு துண்டு சரிந்திருந்தது.

தோட்டத்துக்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார். "மழைன்னா சிரிக்கிற ஆளு தாயி நானு. இப்ப வானம் கருத்தாலே கிணத்தடிக்கு ஓடுறேன். இந்தக் கிணறு ஒண்ணுதான் எங்களுக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தானைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர்.

"அத்தான், நீங்க சயின்ஸ் வாத்தியார்தான?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க."

"அதான் அங்க பள்ளம் பண்ணியிருக்கேன்ல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். அக்காவுக்கு இரண்டு முறை தரித்து இரண்டு முறையும் தங்கவில்லை. ஆரப்பாளையத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் தண்ணீர் தென்மேற்கு மூலையில் வெளியேறியது, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"நான் இத நம்பலைன்னே வச்சுக்க" என்றார். "நம்பாம நான்பாட்டுக்கு அடைச்சுப் போட்டு, அப்புறம் ஒண்ணும் இல்லாமப் போச்சுன்னா, உங்க அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா முற்றத்து ஈரத் தளத்தில் கால் படாமல் ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தாள், கருவோடு இருக்கிறவள் மாதிரி.

ஆக, ஓட்டையை அடைக்கச் சொல்லவில்லை. வகுப்பில் சொன்னதையெல்லாம் அங்கே செய்து காட்டுவது என்று முடிவானது. கொத்தனார் ஓட்டையின் முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டினார், மண் அதில் படியட்டும் என்று. ஜல்லிச் சாக்குகள் வைத்தோம். சரிவில் கல் பாவி, இடையில் அருகம்புல்லை மண்ணோடு வெட்டி வைத்து, நகராமல் குச்சியடித்தோம். அடுத்த தூறலில் தண்ணீர் தெளிவாக, மெதுவாக இறங்கிப் போனது. கொத்தனார் தன் கூட்டாளிகளைக் கூட்டிவந்து, "டீச்சர் வேலை, பாத்துக்கங்கடா" என்று காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பால் காய்ச்சிய அன்று தோட்டத்துக்காரம்மா ஒரு கூடைக் கத்தரிக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுப் போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் பிடித்த மழை பொழுது சாய்ந்தும் விடவில்லை. அந்த அளவுத் தண்ணீருக்கு என் சாக்கு எம்மாத்திரம்? தண்ணீரை மெதுவாகப் போக வைக்கலாம், மண்ணை வடிகட்டலாம். போகக்கூடாத இடத்துக்குப் போகிற தண்ணீர் மெதுவாகப் போனாலும் அங்கேதான் போய்ச் சேரும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குத் தனியாக எழுதிக் காட்டப்படவில்லை. மறுநாள் காலை நான் பஸ் பிடித்துப் போனபோது தொட்டி நிறைந்து உடைந்து கிடந்தது, சாக்குகள் கத்தரிச் செடிகளுக்கு நடுவே கிடந்தன. கிணற்றுக் கரை அந்தப் பக்கம் முழுதும் உள்ளே விழுந்து, மோட்டாரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

தோட்டத்துக்காரம்மா வாசலில் வந்து நின்றார். அக்கா, "யக்கா, உள்ள வாங்க" என்றாள்.

"காலெல்லாம் சேறு தாயி. புதுத் தரை." அவர் படியில் ஏறவில்லை. "மோட்டார் உள்ள போயிருச்சு. ஆள் கூட்டித்தான் தூக்கணும். அது கெடக்கட்டும். ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். வாசல்ல இம்புட்டுப் பெரிய வாய்க்கால் கெடக்கையில, தண்ணிய எதுக்குப் பின்னால விடுறீக?"

அத்தான் தொண்டையைச் செருமினார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"எங்களுக்குப் புள்ள தங்கலைக்கா" என்றாள். "ரெண்டு தடவை ஆச்சு. தண்ணி ஈசானியத்துல போனாத் தங்கும்னு சொன்னாக. அதுக்குத்தான்."

அவள் அதை வெளி ஆள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அட ஆத்தா! இத முன்னயே சொல்லியிருக்கப்படாதா?" என்றார் தோட்டத்துக்காரம்மா. "நான் என்னமோன்னு நெனச்சு உங்களத் தெனம் வஞ்சுக்கிட்டுக் கெடந்தேனே. புள்ளைக்குன்னா விட்டுருங்க தாயி. தண்ணி அங்கனயே போகட்டும். கிணத்த நாங்க தூர் வாரிக்கிறோம். கிணறு கெடக்கு கழுத." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாமி கண்ணத் தொறக்கட்டும். வாரேன்."

அவர் எங்களைத் திட்டியிருக்கலாம். பஞ்சாயத்தைக் கூட்டியிருக்கலாம். அதற்கெல்லாம் நான் தயாராகப் பதில் வைத்திருந்தேன்.

அவர் தெருமுனையைத் தாண்டும்வரை அக்கா வாசலிலேயே நின்றாள். பிறகு பின்பக்கம் போனாள். மிச்சமிருந்த சிமெண்டுச் சாக்கை இழுத்தாள், மணலைக் கையால் வாரிப் போட்டாள், தண்ணீரை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தாள். தண்ணீர் அதிகம், கலவை நிற்காது. மற்ற நேரமாக இருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

அத்தான் ஓடிவந்தார். "என்ன செய்யிற?"

"அடைக்கப் போறேன்."

"அந்தம்மாதான் விடச் சொல்லிட்டாங்கல்ல?"

"அதுனாலதான்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அவுக சண்டைக்கு வந்திருந்தா நான் அடைச்சிருக்க மாட்டேங்க. நிச்சயமா அடைச்சிருக்க மாட்டேன். எனக்கு என் புள்ளதான் பெருசுன்னு நின்னுருப்பேன். அவுக கிணத்த மூடிட்டு நான் ஒண்ணப் பெத்து, அதுக்கு எப்படிப் பால் குடுப்பேன்? நீங்களே சொல்லுங்க."

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் எடுத்துவந்து கொடுத்தார். ஒவ்வொன்றாக வாங்கி அவளே வைத்து அடைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள். நானும் அழுதேன். மத்தியானம் கொத்தனார் வந்து, முற்றத்துத் தளத்தைக் கொத்தி, மேற்கே வாட்டம் மாற்றிப் போட்டார். அன்று அவர் ஒரு கிண்டல்கூடப் பேசவில்லை. அத்தான் தோட்டத்துக்குப் போய், மோட்டாரைத் தூக்கியவர்களோடு சேர்ந்து கயிறு இழுத்தார்.

அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தேன். ஈசானியக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். நம்பிக்கையைப் பற்றி நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். அந்த மூலைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்பேன். சிலர் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள், சிலர் வடை தின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஓட்டையை அடைத்ததால்தான் என்று அத்தான் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் காதுபடவே பேசினார்கள். வெகுநாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், நான் மனசு கேட்காமல் கேட்டேன்.

"வருத்தமா இருக்காக்கா?"

"இல்லாமலா?" என்றாள். "ஒவ்வொரு மழைக்கும் இருக்கு. ஆனா அடைச்சது தப்புன்னு ஒருநாளும் தோணினதில்லடி."